வெண்கலத்துக்கு ஒரு நாடகம்

நீதிமன்றத் தட்டச்சரின் விரல்கள் கண் பார்க்காமலே ஓடும். சாட்சி இழுத்து இழுத்துச் சொல்வதையும் நீதிபதி வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதையும் ஓர் எழுத்து பிசகாமல் அடித்துத் தள்ளிவிடுவார். சொந்தச் சொல் என்று வந்தால்தான் பத்து விரலும் மரத்துப்போகும்.

அவருடைய பள்ளித் தோழன் பேருந்து நடத்துநர். "உள்ள போங்க" என்று ஒரு குரல் கொடுத்தால், படிக்கட்டில் தொங்குகிறவனும் ஓரடி நகர்வான். அதனாலேயே அவனுக்கு வெண்கலம் என்று பெயர். பணிமனை ஆண்டுவிழா நாடகங்களில் அவன்தான் கதாநாயகன்.

"எவனோ எழுதினத எத்தனை நாள் பேசறது? நீ ஒண்ணு எழுதிக் குடுடா" என்று பதினெட்டு வருஷமாகக் கேட்டுவந்தான்.

தட்டச்சர் மறுத்ததே இல்லை. மகள் பரீட்சை முடியட்டும் என்பார், வீட்டுக்கு வெள்ளையடித்து முடியட்டும் என்பார். எப்போதாவது துணிந்து உட்கார்ந்து 'காட்சி ஒன்று' என்று அடிப்பார். அடுத்த வரி மனசுக்குள் ஜோராக இருக்கும். தாளில் விழுந்தால் அசடு வழியும். வெண்கலம் அதை மேடையில் பேச, பின்வரிசையில் எவனோ சிரிப்பது இப்போதே காதில் விழும். தாளை உருவிவிடுவார்.

"மேஜை முழுக்கக் காட்சி ஒண்ணுதான் இருக்கு" என்பாள் மனைவி.

ஒரு நாள் மதிய இடைவேளையில் வெண்கலம் நீதிமன்றத்துக்கே வந்துவிட்டான். கழுத்தில் துண்டு. குரல் லேசாகக் கரகரத்தது.

"தொண்டையில கட்டியாம்டா. நாளைக்கு ஆபரேஷன். குரல் தங்காதுன்னுட்டாங்க. எழுதினது ஒரு பக்கம் இருந்தாலும் குடு, பேசிப் பாத்துடறேன்."

தட்டச்சர் இழுப்பறையைத் திறந்தார். இருந்தது ஒரே தாள். வெண்கலம் அதை வாங்கி, செருமிக்கொண்டு, "காட்சி ஒன்று" என்று வாசித்தான். கண் கீழே தேடியது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"சரி விடு. வேலை இருக்கும்ல உனக்கு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் ஆறு மணி நேரம் அறுவை சிகிச்சை. தட்டச்சர் மருத்துவமனை நடையில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதத் தொடங்கினார். முதல் வரி மோசமாகத்தான் இருந்தது. அந்தப் பின்வரிசைச் சிரிப்பும் கேட்டது. கேட்டுவிட்டுப் போகட்டும் என்று அடுத்த வரிக்குப் போனார். இதைவிடக் கேவலப்பட இனி என்ன இருக்கிறது? பதினோரு நாளில் நாடகம் முடிந்துவிட்டது. வெறும் பதினோரு நாள். அதுதான் அவரை அறுத்தது.

வெண்கலம் படுக்கையில் சாய்ந்தபடி முழுவதும் படித்தான். சிலேட்டை எடுத்து எழுதினான்: 'ரெண்டாவது காட்சி இழுவை. மத்ததெல்லாம் நான் பேச வேண்டியது.'

ஆண்டுவிழாவில் ஒரு மெக்கானிக் அந்த வேஷம் கட்டினான். நன்றாகவே பேசினான், கைதட்டலும் கிடைத்தது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த வெண்கலம், ஒவ்வொரு வசனத்தையும் மெக்கானிக்குக்கு ஒரு நொடி முன்பே சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தான். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று அந்த உதடுகளுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்தில் இருந்த தட்டச்சர் கடைசிவரை மேடையைப் பார்க்கவே இல்லை.