மாடியில் ஒரு மூக்கறுப்பான்

மூக்கறுப்பான் என்ற மிருகத்தைப் பெற்றவள் நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், செக்கிங் டேபிளில் சட்டைகளுக்கு நூல் வெட்டிக்கொண்டே பெற்றேன். வலி ஒன்றும் இல்லை.

காரணம் என் தம்பி பெண்டாட்டி. வீட்டில் எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் மடித்து வைத்த துணியை நான் பிரித்து மறுபடி மடிப்பேன். ஆனால் ஃபேக்டரியில் என் கண் எதிரே ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஏழு மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டியும் போதவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டே எழுதிக் கொடுத்திருந்தார்.

சீட்டை மேனேஜரிடம் கொண்டுபோனோம். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். கழுத்தில் ஒன்று தொங்கும். யார் பாத்ரூம் போனாலும் அமுக்குவார்.

"இது ஃபேக்டரியா, பிரசவ ஆஸ்பத்திரியா? படுக்கணும்னா வீட்டுல போய்ப் படுத்துக்கட்டும். நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்கு அப்போது வேலை இல்லை. இவளும் வீட்டில் உட்கார்ந்தால் அடுப்பில் பூனைதான் தூங்கும். அதனால் மறுநாள் மதியம் அவளை மேல்மாடி வேஸ்ட் துணி ரூமுக்கு அனுப்பிவிட்டேன். வெட்டி மிஞ்சிய துணியெல்லாம் அங்கே மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மெத்தைக்குக் குறைச்சல் இல்லை. அவள் போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, ஸ்டாப்வாட்ச் மாடிப்படியில் காலை வைத்தார்.

"சார், மேல போகாதீங்க. மூக்கறுப்பான் இருக்கு."

"என்னது?"

"மிருகம் சார். சோறு வேகற மாதிரி வாசனை விடும். எங்கே வேகுதுன்னு நாம மூக்கை நீட்டுவோம்ல, கப்புன்னு கவ்விக்கும்."

சுத்தப் பொய் என்று சொல்ல முடியாது. ஒரு வாரமாகவே படிக்கட்டில் சோறு வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. கூரையில் ஏதோ தடதடவென்று ஓடியது. வாசனை பக்கத்து வீட்டு அடுப்பு, சத்தம் எலி என்று நான் நினைத்திருந்தேன். ஸ்டாப்வாட்ச் ஒரு தடவை மோந்து பார்த்தார். முகம் வெளிறியது. காலை இறக்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் லைன் முழுக்க அந்த மிருகத்துக்குக் கண் காது மூக்கு வைத்துவிட்டது. வால் மட்டும் நாலு அடி, இஞ்ச் டேப்பால் அளந்தேன் என்றார் கட்டிங் மாஸ்டர். காஜா போடுகிற அக்கா, தன் பழைய கம்பெனி சூப்பர்வைசருக்கு இப்போது மூக்குக் கண்ணாடி நிற்க இடமில்லை, நூல் கட்டி மாட்டியிருக்கிறார் என்றாள். மேனேஜர்களை மட்டும்தான் கடிக்கும் என்று இஸ்திரிக்காரர் ஆரம்பித்தபோது நான் அவர் காலை மிதித்தேன். பொய்க்கும் ஓர் அளவு வேண்டும்.

இரண்டு வாரம் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். ஸ்டாப்வாட்ச் மாடிப்படியைக் கடக்கும்போதெல்லாம் மூக்கில் கர்சீப்பை வைத்துக்கொண்டார். அவள் எனக்கு நன்றி சொன்னாள் என்று நினைக்காதீர்கள். "தலகாணிதான் கல்லு மாதிரி இருக்கு, அண்ணி" என்றாள்.

என் பொய் நன்றாக வேலை செய்ததுதான் வினையாகப் போயிற்று. ஸ்டாப்வாட்ச் வனத்துறைக்குப் போன் போட்டார். மிருகத்தைப் பிடித்துக்கொண்டு போனதும் அந்த ரூமை நிரந்தரமாகப் பூட்டப் போவதாக அறிவித்தார். 

வனத்துறைக்காரர் வந்தார். ஒரு டார்ச், ஒரு ஏணி, எல்லாவற்றுக்கும் அலுத்துப்போன ஒரு முகம். நானும் தம்பி பெண்டாட்டியும் ஸ்டாப்வாட்சும் அவர் பின்னால் மேலே போனோம். அவளை மெஷினிலேயே இருக்கச் சொன்னேன், கேட்டால்தானே.

"மூக்கைக் கடிக்கும்னு..." என்று ஆரம்பித்தார் ஸ்டாப்வாட்ச்.

"அப்படி ஒரு பிராணி உலகத்துலயே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியில் ஏறினார். கூரைப் பலகை ஒன்றை நகர்த்தினார். டார்ச்சை உள்ளே அடித்தார். பிறகு, "வந்து பாருங்க. சத்தம் போடாதீங்க" என்றார்.

நான் ஏறிப் பார்த்தேன். நாங்கள் வெட்டிப்போட்ட துணித் துண்டுகளைக் கூடு மாதிரி குவித்து, அதன் நடுவில் ஒரு மரநாய் சுருண்டிருந்தது. வயிற்றில் மூன்று குட்டிகள் முட்டி முட்டிப் பால் குடித்தன. அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. பயந்துபோன பார்வை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த வாசனை இதோடதுதான். பழம் தின்னும், எலி பிடிக்கும், மனுஷனைக் கண்டா ஓடும். இந்தக் கட்டடத்துல இருக்கறதுலயே சாதுவானது இதுதான்" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். டார்ச் வெளிச்சம் மூட்டைகளின் மேல் போனது. அங்கே ஓர் ஆள் படுத்த அளவுக்குப் பள்ளம். பக்கத்தில் தலையணை. அதில் என் தம்பி பெண்டாட்டியின் ஹேர்பின்.

"இங்க யாரு படுக்கறது?" என்றார் ஸ்டாப்வாட்ச். குரலில் கர்சீப் இல்லை. கை கழுத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டது. தம்பி பெண்டாட்டி என் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். வீட்டில் என்னைத் தொட்டுக்கூடப் பேசாதவள்.

வேலை போனது என்றே நினைத்தேன். வாய் தானாகத் திறந்தது.

"அது வந்து சார், சாதுதான், ஆனா குட்டி போட்டுட்டா மூக்கைக் கவ்வும். பக்கத்துல மாசமா இருக்கற பொண்ணு படுத்திருக்கணும். அப்பத்தான் சாந்தமா இருக்கும். இல்லேன்னா கீழ இறங்கி வந்துடும். கேட்டுப் பாருங்க, இந்த வனத்துறை சாருக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு வனத்துறைக்காரரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பொய் என்றால் முளையிலேயே கிள்ளுகிற ஆள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு டார்ச்சைத் தாழ்த்தினார். வெளிச்சம் அவளுடைய வீங்கின கால்களில் சிறிது நேரம் நின்றது.

நோட்டைத் திறந்தார்.

"ஆமா" என்றார். "தினம் மத்தியானம் அரை மணி நேரம். படுத்த நிலையில. உக்காந்தா பலன் கிடையாது."

"அரை மணியா? இருபது நிமிஷம் போதாதா சார்?" என்றார் ஸ்டாப்வாட்ச்.

"குட்டி மூணு இருக்கே. கூட்டைக் கலைக்கக் கூடாது, ரூமைப் பூட்டக் கூடாது. கையெழுத்துப் போடுங்க."

ஸ்டாப்வாட்ச் போட்டார். வாசலில் நான் நன்றி சொல்லப் போனபோது வனத்துறைக்காரர் கடுகடுவென்றுதான் இருந்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல முதல் பொய். மரநாய் பத்தி இனிமே வாயைத் திறக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தினமும் ஒன்றரைக்கு ஸ்டாப்வாட்சே அவளை மேலே அனுப்பி, கீழே நின்று வாட்சை அமுக்குவார். ஒருநாள் அவள் சீக்கிரம் எழுந்து வந்துவிட்டாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு, போய்ப் படும்மா!" என்று கத்தினார். கல் மாதிரி இருந்த தலையணையையும் மாற்றிக் கொடுத்தார்.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சாடையில் என்னைப் போல. அவளுக்கு அதில் வருத்தம். அடுத்த வாரம் ஏணி வைத்துப் பார்த்தேன். குட்டிகள் வளர்ந்து தாயோடு போய்விட்டிருந்தன. கூரையில் சத்தமில்லை, வாசனையில்லை.

அன்றைக்கு மதியம் காஜா அக்கா என் டேபிளுக்கு வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தனக்கு நாலாவது மாதம் என்றாள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வேலைக்கு வந்தேன். மேல்மாடிக் கதவில் கத்தரிக்கோலால் நாலு கீறல் போட்டேன். பிறகு, வடித்த சூட்டோடு கொண்டுவந்த சோற்று டப்பாவை மேல்படியில் மூட்டைக்குப் பின்னால் திறந்து வைத்துவிட்டு, டேபிளுக்குப் போய் நூல் வெட்ட உட்கார்ந்தேன். சரியாக ஒன்பது மணிக்கு ஸ்டாப்வாட்ச் உள்ளே வந்தார். படிக்கட்டருகே நின்றார். மோந்து பார்த்தார். கர்சீப்பை எடுத்தார்.