சேயோங்கின் நீலம்

தென் கொரியாவின் ஆசான் நகருக்கு வெளியே, நெல் வயல்களை ஒட்டியிருக்கும் எங்கள் கைபேசித் திரை ஆய்வுக்கூடத்தில் சிவப்பும் பச்சையும் பெரிதாகத் தொல்லை கொடுத்ததில்லை. நீலம்தான் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிம மூலக்கூறுகளில், நீல ஒளிக்குத்தான் ஆற்றல் அதிகம் தேவை. அந்த ஆற்றலே கடைசியில் மூலக்கூறை உடைத்துவிடும்.

தாக் சேயோங் அக்கா பல வருடங்களாக அந்த நீலத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் குழுத் தலைவர் பாங், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அவளைச் சீண்டுவார்.

"உன் நீலத்தவிட ஈசல் கூடுதல் நாள் உயிரோட இருக்கும்மா."

அவள் சிரித்துக்கொண்டே கிம்ச்சி ஊறுகாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவாள்.

அந்தக் குளிர்காலத்தில் நீலத்தைக் கைவிடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. சேயோங் இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டாள். புதிதாகச் செய்த மூலக்கூறைச் சுற்றி வேலி போட்ட மாதிரி பருமனான கிளைகளைச் சேர்த்திருப்பதாகவும், பக்கத்து மூலக்கூறுகள் இனி அதை நெருக்கிச் சிதைக்காது என்றும் சொன்னாள். பாங் அரை மனதாகத் தலையாட்டினார்.

மறுநாள் நானும் அவளும் வேலையில் இறங்கினோம். அந்தப் புது மூலக்கூறின் வெளிர் மஞ்சள் பொடியைச் சிறு குடுவையில் இட்டு, காற்றை உறிஞ்சி எடுத்த கலனுக்குள் சூடாக்கினோம். பொடி ஆவியாகி மேலே எழுந்து, தலைகீழாக மாட்டியிருந்த கண்ணாடியில் படிந்தது. முடியை நீளவாக்கில் நூற்றுக்கணக்கான இழைகளாகக் கிழித்தால் எவ்வளவு மெலிசாக இருக்குமோ, அவ்வளவு மெலிசான படலங்கள். கடைசியாக உலோகம். அதன்பின் ஈரம் புகாதபடி மூடி ஒட்டினோம்.

சேயோங் நேராகப் பாங்கின் அறைக்குப் போனாள். அவர் அளவீடுகளை அனுப்பச் சொன்னார்.

"கிராஃப் அப்புறம் பாத்துக்கலாம் சார். ஒரு தடவ கண்ணால பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். இருட்டறைக் கதவைச் சாத்தினேன். சேயோங் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு, இருட்டின் நடுவே நகமளவு நீலச் சதுரம் ஒன்று விழித்தது.

விளக்கு என்று அதைச் சொல்லத் தோன்றவில்லை. பின்னாலிருந்து ஒளி வரவில்லை, படலமே ஒளிர்ந்தது. ஒரு பக்கமிருந்து எலெக்ட்ரான்களும் மறுபக்கமிருந்து எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களும் வந்து சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி வெளிச்சம். அதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உடம்பு சிலிர்த்தது. அதே கண்ணாடியில் பக்கத்திலிருந்த இன்னொரு சதுரத்துக்கு நாங்கள் மின்சாரம் கொடுக்கவில்லை. அது இருட்டோடு இருட்டாகக் கிடந்தது.

பாங் கையுறையைக் கழற்றிவிட்டு, கண்ணாடி விளிம்பில் ஒரு விரலை மெதுவாக வைத்தார்.

"சூடே இல்லையே," என்றார். வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

விரலை எடுக்காமலே, "அணைச்சிடாத, சேயோங். இருக்கட்டும்," என்றார்.

அந்த நீலம் அவர் மூக்குக் கண்ணாடியில் விழுந்திருந்தது. அவர் கண் சிமிட்டவே இல்லை.

பிறகு நடந்த ஆயுள் சோதனையில் அந்தச் சதுரம் முந்தையவற்றைவிடப் பல மடங்கு தாக்குப்பிடித்தது. கைபேசித் திரைக்கு அது போதாது. ஆனாலும் நீலத்தைக் கைவிடும் பேச்சு நின்றது. பாங்கே மேலிடத்தில் போய் வாதாடினார். சேயோங் ஒரு வாரம் விடுப்பு எடுத்துத் தூங்கினாள். திரும்பி வந்ததும் அடுத்த மூலக்கூறை வரையத் தொடங்கினாள்.