பாசி சுரண்டுகிறவர் வீட்டுக் கடல்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எண்பத்தாறாம் வருஷம், சீசன் தொடங்குவதற்கு முந்திய வாரம். ஐந்தருவியில் தண்ணீர் நூலாக விழுந்துகொண்டிருந்தது. குளிக்கிறவர்கள் வழுக்கி விழாமலிருக்க ஒருவர் பாறையில் பிளீச்சிங் பவுடர் தூவி, கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக இந்த வேலை என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இங்கன சுரண்டுதேன், வீட்ல வளக்கேன்" என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த பாறைக்கு நகர்ந்துவிட்டார். நானும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்கூட நான் வைத்ததுதான்: நல்லக்கண்ணு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தென்காசியில் கடல் இல்லை. ஆனால் நல்லக்கண்ணுவின் வீட்டுக்குள்ளே, நான்கு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே—"

அடித்துவிட்டேன். மேடையில் மைக்கைப் பிடித்தவர் பேசுகிற மாதிரி இருக்கிறது. அடுத்து:

"தூத்துக்குடிக்காரியான மனைவி பிரிந்து போன பிறகு, அவள் நினைவாக அவர்—"

இதுவும் வேண்டாம். நீங்கள் மூக்கைச் சிந்துவீர்கள், எனக்கும் வேலை சுலபமாகிவிடும். ஆனால் அவருக்கு மனைவியே கிடையாது. கல்யாணப் பேச்சு தட்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் யாரும் பேச்சை எடுக்கவில்லை. நாற்பத்தாறு வயதுக்காரர் ஏன் வீட்டுக்குள் கடலை வைத்திருக்கிறார் என்று கேட்டால், பிடித்திருந்தது, வைத்துக்கொண்டார். இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

3

தொட்டி நாலடி நீளம். தூத்துக்குடியிலிருந்து செங்கோட்டை வழியாக மலையாளத்துக்கு உப்பு லாரி ஓட்டுகிற அப்துல் மஜீது, மாதம் ஒருமுறை இரண்டு கேன் கடல்தண்ணீரைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போவார். ஒருமுறை கேனுக்குள் உயிருள்ள பவளக் கல் இரண்டும், கல்லில் பூ மாதிரி ஒட்டிக்கொண்டு விரிகிற ஒரு கடல்சாமந்தியும், கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி மீனும் வந்தன. பகலில் பவளம் விரல் விரலாக மலரும். மீன்கள் கடல்சாமந்தியின் மடியிலேயே கிடக்கும்.

தொல்லை பாசியால்தான். பச்சை மயிர் மாதிரிக் கிளம்பிப் பவளத்தை மூடும். சுரண்டினால் மறு வாரம் இரண்டு மடங்காக வரும். ஊரில் பாசி சுரண்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவருக்குத் தன் வீட்டுப் பாசியை ஜெயிக்க முடியவில்லை.

பிறகு அருவியில் ஒருநாள் கண்டுகொண்டார். வெயில் படுகிற பாறையில், தண்ணீர் மெல்லிசாக வழிகிற இடத்தில்தான் பாசி அடைந்து கிடக்கிறது. கீழே தேங்கின குட்டையில் கல் சுத்தமாக இருக்கிறது. பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் ஓடுகிற தண்ணீரும் தின்ன அழுக்கும். அதற்கென்று தனியாக ஓர் இடம் கொடுத்துவிட்டால் மற்ற இடத்தை விட்டுவிடும்.

பழைய ஏர்கூலர் மோட்டார் ஒன்று வாங்கினார். அது தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும். மேலே நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் குழாய். குழாயிலிருந்து ஜன்னலுக்கு அடிக்கிற பிளாஸ்டிக் வலை தொங்கும். தண்ணீர் வலை முழுக்க வழிந்து திரும்பத் தொட்டியில் விழும். வலையை ஒட்டி இரண்டு டியூப்லைட். மூன்று வாரத்தில் வலை பழுப்பாகி, பிறகு பச்சையானது. இரண்டு மாதத்தில் பவளத்தின் மேல் ஒரு இழை பாசி இல்லை. மீன் கழிக்கிற அழுக்கையெல்லாம் வலைப் பாசி தின்றுகொண்டிருந்தது. வாரம் ஒருமுறை வலையைக் கழற்றிப் பாதியைச் சுரண்டுவார், பாதியை விட்டுவைப்பார்.

(இடையில் ஒன்று. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே கிடக்கும். கடல்தண்ணீரையே மேலும் மேலும் ஊற்றி முதல் வருஷம், இந்த ஜோடிக்கு முன்னால் இருந்த நான்கு மீன்களைக் கொன்ற பிறகே இது அவருக்குப் பிடிபட்டது. சொல்லித்தர ஆள் இல்லை. சேர்ந்து வருத்தப்படவும் ஆள் இல்லை.)

ஒன்பது வருஷம் இப்படிப் போனது. அந்த ஒன்பது வருஷத்தில் தொட்டியை வேறு யாரும் பார்க்கவில்லை. எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை, யாராவது ஒருவரையாவது உள்ளே அனுப்பிப் பார்த்தேன். தபால்காரர், வீட்டுச் சொந்தக்காரர். ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. கூப்பிடாத வீட்டுக்குள் யார் வருவார்கள்?

4

சிவகிரியிலிருந்து தந்தி வந்தது. அக்கா ஆவுடைத்தாயின் புருஷன் இறந்துவிட்டார். மூன்று நாளாவது அங்கே இருந்தாக வேண்டும்.

சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியைக் கையில் வைத்தபடி நல்லக்கண்ணு வாசலில் நின்றார். துக்கத்துக்குப் போகிற மனிதர் அத்தானை நினைக்காமல், சாவியை யாரிடம் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் குடியிருந்த தெரு. இடதுபக்க வீட்டுக்காரர் பெயர் தெரியும். வலதுபக்கம் பெயரும் தெரியாது. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றே சொல்கிறேன், நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கு மிதித்தார். கூட வேலை பார்க்கிற வல்லிநாயகம் அங்கே பிரஷ்ஷும் கையுமாக இருந்தான்.

[வல்லிநாயகத்தை முதல் பிரதியில் பொறாமைக்காரனாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் இரண்டு வருஷமாக "ஒரு நாள் வீட்டுக்கு வாரேன் அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவனை எப்படிக் கெட்டவனாக்குவது? மாற்றிவிட்டேன்.]

சைக்கிள் கேரியரில் வீட்டுக்கு வந்திறங்கிய வல்லிநாயகம் தொட்டியைப் பார்த்ததும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டான். நல்லக்கண்ணுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"காலைல ஒரு சிட்டிகை இரை போடு. தண்ணி இந்தக் கோட்டுக்குக் குறைஞ்சா கிணத்துத் தண்ணி ஊத்து. கரண்டு போச்சுன்னா கையால கலக்கி விடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

5

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அந்த 'அவ்வளவுதான்'தான் காரணம்.

பாசியைத் தொடாதே என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. மூச்சு விடு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே, அந்த மாதிரி. ஒன்பது வருஷமாக இதைப் பற்றி ஒரு ஆளிடம் பேசியிருந்தால், அடுத்தவருக்கு எது தெரியும் எது தெரியாது என்று பழகியிருக்கும். தனியாகவே இருந்தவருக்கு அது தெரியாமல் போய்விட்டது.

வல்லிநாயகமோ சொன்னதற்கு மேலேயே செய்தான். வேளைக்கு ஒருதரம் வந்தான். மீன்களோடு உட்கார்ந்து பேசினான். மூன்றாம் நாள் அருவி வேலை முடிந்தது. வாளியில் கொஞ்சம் பவுடர் மிஞ்சியிருந்தது. அண்ணாச்சிக்கு நாம் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொண்டே வந்தவன் கண்ணில், கெட்டியாகப் பாசி பிடித்துத் தொங்கிய வலை பட்டது. பாவம், சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து அலுத்து வருகிற மனிதர் இதையும் வந்து தேய்க்க வேண்டுமா? வலையைக் கழற்றிப் பவுடர் போட்டு, கைதேர்ந்த வேலைக்காரன் எப்படித் தேய்ப்பானோ அப்படித் தேய்த்தான். பேருக்கு ஒருதரம் அலசி மாட்டி, மோட்டாரைப் போட்டான்.

வலையில் மிஞ்சிய பவுடர் கரைந்து, சாயங்காலத்துக்குள் தண்ணீர் பாலாகக் கலங்கியது. பவளம் சுருங்கியது. மீன்கள் இரண்டும் அடியில் சாய்ந்தன. அவன் தவித்துப் போனான். கிணற்றுக்கும் தொட்டிக்குமாக ஓடினான், கை ஓயும்வரை கலக்கினான். விடிவதற்குள் இரண்டும் செத்துவிட்டன.

6

நாலாம் நாள் காலையில் நல்லக்கண்ணு இறங்கி வரும்போது வல்லிநாயகம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்து வழிவிட்டான்.

உள்ளே போனவர் முதலில் பார்த்தது தொட்டியை அல்ல, வலையை. கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி வெளுப்பாக இருந்தது. பவுடர் வாடையும் வந்தது. முப்பது வருஷமாக மூக்கில் ஏறிய வாடை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வல்லிநாயகத்துக்குப் புரியவில்லை. பின்னாலேயே வந்து நின்றான்.

"ரெண்டும் என்னயப் பாத்து ஓடி வருங்க அண்ணாச்சி, மூணு நாள்லயே பழகிட்டு. என்ன ஆச்சுன்னே தெரியல. நான் ஏதும் தப்பாச் செஞ்சிட்டேனா?"

7

இரண்டு முடிவு எழுதினேன்.

ஒன்றில் அவர் உள்ளதைச் சொல்லிவிடுகிறார். வல்லிநாயகம் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போகிறான். மறுநாளிலிருந்து அருவியில் வேறு பாறைக்கு மாறிக்கொள்கிறான். வீட்டில் யாரும் இல்லை, இப்போது மீனும் இல்லை.

இன்னொன்றில், "அதுக்கு வயசாயிட்டுப்பா" என்கிறார். அவன் நம்புகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான், டீ போடுகிறார். புதுக் கேன் வருகிறது, புது வலை கட்டுகிறார்கள். ஆனால் அவன் கை வலைப் பக்கம் போகும்போதெல்லாம் இவர் குரல் ஒரு மாதிரி ஆகிறது. ஏன் என்று அவன் கேட்பதில்லை, இவர் சொல்வதில்லை. அப்படி ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பது, தனியாக இருந்ததைவிட—

இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். கதை எழுதுகிறவன் என்கிற ஒரே உரிமையில் அந்த மனிதருக்குப் பதில் நான் வாய் திறப்பது சரியில்லை.

ஒன்பது வருஷம் கழித்து உங்கள் வீட்டுக்குள் ஒருவன் வந்திருக்கிறான். உங்கள் மீன்களுக்காக அவன் கண்ணும் கலங்கியிருக்கிறது. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?