நட்சத்திரம் நீங்கலாக

டாக்டர் ஹேக்மனின் காலடி மாடிப்படியில் கேட்டதும், மேசைமேல் கிடந்த குறுந்தகட்டை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள் மார்லிஸ் கெட்லர். அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். ஹேக்மன் டாலிவர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர். மற்றவர்களைப் போல நடந்து வருகிற வழக்கம் அவருக்கில்லை, வருகை தருவார். தலைமைப் பண்பில் முனைவர் பட்டம் வாங்கியவர். பெயருக்கு முன்னால் டாக்டர் சேர்க்காமல் யாராவது கூப்பிட்டுவிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

"மார்லிஸ், நாம பன்னெண்டாவது."

"நம்ம லீக்ல மொத்தமே பன்னெண்டு காலேஜ்தானே டாக்டர்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

"பதிமூணாவதா போகலையேன்னு சந்தோஷப்படலாம்."

அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டு வென்ற அமெரிக்க ஃபுட்பால் அணியின், உடம்பை வைத்து முட்டித் தள்ளி ஆடுகிற அணியின், இயக்குநருக்குச் சிரிப்பு ஏது. ஆனால் அவருடைய கவலை ஆட்டத்தைப் பற்றியது அல்ல, ரேங்கைப் பற்றியது. பள்ளிப் பையன்களுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் போடும் இணையதளம் ஒன்று இருந்தது. எந்தக் கல்லூரிக்கு எத்தனை நட்சத்திரம் சேர்கிறது என்று கூட்டிப் பார்த்து வரிசைப்படுத்துவார்கள். புதன்கிழமை பையன்கள் கையெழுத்திட்ட சேர்க்கைக் கடிதங்கள் ஃபேக்ஸில் வந்து சேரும். அன்று மதியம் ஜிம்னேசியத்தில் கொடையாளர்களுக்கு விருந்து. கோழியும் ரேங்கும் பரிமாறப்படும். கோழி எவ்வளவு காய்ந்திருந்தாலும் அந்தப் பெரிய மனிதர்கள் மென்று விழுங்கிவிடுவார்கள். பன்னிரண்டாவது ரேங்க் மட்டும் தொண்டையில் சிக்கும்.

"அந்த ஹ்ருஸ்கா பையன்" என்றார் ஹேக்மன். "ரெண்டு நட்சத்திரம். நாலு ஆச்சுன்னா நாம ஒன்பதாவதுக்குப் போயிடலாம். அவன் ஆட்டத்த அவங்கம்மா படம் புடிச்சு ஒங்களுக்கு அனுப்பியிருக்காங்களாமே? அத கார்வருக்கு அனுப்பிவிடுங்க."

கார்வர்தான் அந்த இணையதளத்தின் தலைமை மதிப்பீட்டாளர். நட்சத்திரம் ஏற்றுவதும் இறக்குவதும் அவர் கை.

"நாலு ஆன அன்னிக்கே பெரிய காலேஜ்காரன் ஹெலிகாப்டர்ல வந்து எறங்குவான். அப்புறம் ரேங்கும் இல்ல, பையனும் இல்ல."

"ரிஸ்க் எடுக்கறதுதான் மார்லிஸ் தலைமை."

"எடுக்கறது நீங்க. கையவிட்டுப் போறது பையன்தானே."

ஹேக்மன் குரலைத் தாழ்த்தினார். மிரட்டும்போது அவர் எப்போதும் மிக மரியாதையாகப் பேசுவார். "பத்தாவதுக்குக் கீழ இருந்தா இந்த ஆபீஸையே மறுசீரமைக்கணும்னு போர்டு சொல்லுது. ஒங்க நாற்காலியும் அதுக்குள்ள வரும். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

"இந்த நாற்காலி அஞ்சு கோச்சையும் மூணு டைரக்டரையும் பாத்துடுச்சு டாக்டர். இதுவரைக்கும் ஒரு சக்கரந்தான் ஒடஞ்சிருக்கு."

அவர் படியிறங்கும்வரை மார்லிஸ் காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஃபுட்பால் அணியின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக இதே மேசை. எழுந்துபோய்க் காகித அலமாரியின் கதவைத் திறந்தாள். கதவின் உட்புறம் முழுக்கப் பென்சில் எழுத்து. ஒவ்வொரு வருடமும் கிடைத்த ரேங்க், அந்தப் பையன்கள் வளர்ந்து நின்று ஆடிய பருவத்தில் கிடைத்த வெற்றி. ஐந்தாவது ரேங்க், ஒரு வெற்றி. ஆறாவது ரேங்க், மூன்று. கடைசி ரேங்க், எட்டு வெற்றி. அந்த வருடம் ஊரே குடித்துவிட்டு மைதானத்துக் கோல் கம்பத்தில் ஏறியது. பக்கத்தில் இன்னொரு வரிசையும் வைத்திருந்தாள். லீக்கின் முதல் நான்கு கல்லூரிகளில் நட்சத்திரமும் குறையவில்லை, வெற்றியும் குறையவில்லை. அதை அழித்துவிட்டால் தன் வாதத்துக்குப் பலம் கூடும் என்று அவளுக்குத் தெரியும். அழிக்கவில்லை. மேலே இருக்கிற நாலு பேருக்கு அது வேதவாக்கு, கீழே கிடக்கிற எட்டுப் பேருக்குச் சோழி உருட்டல் என்பதுதான் அவள் கண்ட உண்மை.

டேன் ஹ்ருஸ்காவைக் கண்டுபிடித்தவர் கோச் லைல் புரூயிட். எதிரணியில் ஓடுகிற ஒரு பையனைப் பார்க்கத்தான் அவர் போயிருந்தார். ஆட்டம் முடியும்வரை அந்தப் பையனைப் பார்க்க முடியவில்லை. ஹ்ருஸ்கா அவன்மேலேயே உட்கார்ந்திருந்தான். ஆளே இல்லாத ஊர். பதினொரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்தை அங்கே எட்டுப் பேரை வைத்து ஆடினார்கள். அதனால்தான் கார்வரின் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் ஒரு உறுத்தல் மார்லிஸை விடவில்லை. ஒரு பையனின் மதிப்பைக் கைப்பைக்குள் சாப்பாட்டுக்கு அடியில் ஒளித்து வைக்க அவளுக்கு யார் உரிமை கொடுத்தது? ஹேக்மன் விற்கப் பார்க்கிறார், அவள் பதுக்கப் பார்க்கிறாள். பையனை ஒரு வார்த்தை கேட்டவர் யார்? போனை எடுத்தாள்.

டேன் மாட்டுக் கொட்டகையில் இருந்தான். பின்னணியில் கன்று ஒன்று ஓயாமல் கத்தியது. மார்லிஸ் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். படத்தை அனுப்பினால் நட்சத்திரம் ஏறும், பெரிய கல்லூரிகள் வரும், எண்பதாயிரம் பேர் உட்காருகிற மைதானம் கிடைக்கும். அனுப்பாவிட்டால் டாலிவர் ஸ்டேட்.

டேன் கன்றை ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கேட்டான்.

"நட்சத்திரம் ஏறுனா எடையும் ஏறுமா மேடம்?"

"ஏறாது."

"அப்ப அதால என்ன பிரயோஜனம்? கோச் எங்க வீட்டுக்கு நாலு தடவ வந்தாரு. ஒருதடவ கன்னு போடறதுக்குக்கூட வந்து கைகுடுத்தாரு."

தாய் லவோன் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மார்லிஸ், பனியில டிரக்மேல ஏறி நின்னு புடிச்ச படம் அது. ஒங்களுக்காகப் புடிச்சது. கண்டவனுக்கு இல்ல."

"நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க லவோன். புதன்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. நான் யாருக்கும் அனுப்ப மாட்டேன். இவன் எடை முன்னூறு பவுண்டுன்னு படத்தோட எழுதி அனுப்பியிருக்கீங்களே, இங்க யாரும் நம்பல."

"வீட்டு மெஷின் எரநூத்தம்பதோட நின்னுடுது" என்று பின்னாலிருந்து டேன் கத்தினான். "தானிய சங்கத்துல லாரி நிறுக்கற மேட இருக்கு. ஏறிப் பாத்து சீட்டு அனுப்பவா?"

"அனுப்பு."

செவ்வாய்க்கிழமை காலை ஹேக்மன் மறுபடி வருகை தந்தார். படத்தைக் கேட்டார். மார்லிஸ் தர முடியாது என்றாள். அவர் புன்னகைத்து, அவள் மேசைப் போனிலிருந்தே கார்வரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹ்ருஸ்கான்னு ஒரு பையன். பேர் சொல்லக் கூடாது, ஆனா ரொம்பப் பெரிய காலேஜ் ஒண்ணு அவன் பின்னால அலையுது."

அப்படி ஒன்றும் அலையவில்லை. அது ஹேக்மனுக்கும் தெரியும், மார்லிஸுக்கும் தெரியும்.

"ஆமாமா, எங்காதுக்கும் வந்துது" என்றார் கார்வர்.

ஒரு மணி நேரத்தில் டேன் ஹ்ருஸ்காவுக்கு நாலு நட்சத்திரம். கீழே குறிப்பு வேறு: 'வெடித்துக் கிளம்பும் முதல் அடி. இடுப்பின் நெகிழ்வு அபாரம்.' மார்லிஸ் அதை இரண்டு முறை படித்தாள். அந்தப் பையனுக்கு இடுப்பு எங்கே தொடங்குகிறது என்று பெற்றவளுக்கே தெரியாது. படத்தைப் பார்க்காத ஒருவருக்கு அதன் நெகிழ்வு வரை தெரிந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் மூன்று பெரிய கல்லூரிகள் நட்சத்திரத்தைப் பார்த்து ஹ்ருஸ்கா வீட்டுக்குப் போன் போட்டுவிட்டன. ஹேக்மன் சொன்னது இப்போது பொய்கூட இல்லை. அந்த மனிதரின் தனித்திறமையே அதுதான்.

புதன்கிழமை விடிந்தபோது மேற்கே ஹ்ருஸ்காவின் ஊர்ப் பக்கம் சாலையெல்லாம் பனியில் மூடிக் கிடந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. ஒன்பது மணிக்குள் மற்ற பத்தொன்பது கடிதங்களும் வந்துவிட்டன. இருபதாவது வரவில்லை. ஹ்ருஸ்கா வீட்டு எண்ணை மார்லிஸ் பதினொரு முறை அடித்தாள். பதினொரு முறையும் லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். யார் என்று யோசிக்காமல் இருக்க முயன்றாள். கோச் புரூயிட் ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவர் டையை இறுக்கிக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி விருந்துக்குப் போனார்.

பன்னிரண்டு மணிக்கு ஜிம்னேசியத்தில் கைதட்டல் எழுந்தது. ஒன்பதாவது! ஹேக்மன் திரையில் காட்டிவிட்டார் போலிருக்கிறது. வராத பையனின் நட்சத்திரத்தையும் சேர்த்து எண்ணிய ரேங்க். கைதட்டல் அடங்கவே இல்லை. நான்கு வருடமாக அவர்களுக்குத் தட்ட ஒன்றும் கிடைக்கவில்லை, பாவம். அந்த ஓசையின் நடுவே ஹேக்மன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். இந்த முறை வருகை தரவில்லை. ஓடித்தான் வந்தார்.

"வந்துடுச்சா?"

"இல்ல."

"வரலன்னா நான் அங்க போய் என்ன சொல்றது?"

"வெடித்துக் கிளம்பும் முதல் அடின்னு சொல்லுங்க. எங்க கிளம்பிட்டான்னு கேட்டாங்கன்னா இடுப்பு நெகிழ்வுன்னு சொல்லுங்க."

"மார்லிஸ்! இது வெளையாட்டு இல்ல."

"வெளையாட்டுதான் டாக்டர். அத மறந்ததுலதான் வந்துச்சு இவ்வளவும்."

ஃபேக்ஸ் இயந்திரம் கனைத்தது.

இருவரும் குனிந்தார்கள். முதல் தாள் மெல்ல வெளியே வந்தது. அது கடிதம் இல்லை. தானியக் கூட்டுறவுச் சங்கத்தின் எடைச்சீட்டு. சரக்கு: இதர வகை. வண்டி எடை: இல்லை. நிகர எடை: முன்னூறு பவுண்டு. கீழே தடித்த பேனாவில், பள்ளிக்கூடப் பையனின் கோணல் எழுத்தில் ஒரு வரி: 'நட்சத்திரம் நீங்கலாக.'

மார்லிஸ் சிரித்தாள். இரண்டு நாளாக நெஞ்சில் கட்டி வைத்திருந்தது அவ்வளவும் சேர்ந்து வந்த சிரிப்பு. ஹேக்மனுக்குப் புரியவில்லை. "என்ன இது? கடிதம் எங்க? இது எந்த வகையில செல்லும்?" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இயந்திரம் நின்றுவிட்டது. பக்கத்து ஜிம்னேசியத்தில் யாரோ அவர் பெயரை மைக்கில் அழைத்தார்கள், டாக்டர் போடாமல். அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

மறுபடி கனைப்பு. இரண்டாவது தாளின் விளிம்பு தெரிந்தது. சங்கத்தில் யாரோ தலைகீழாகச் செருகிவிட்டார்கள் போலிருந்தது; கடைசி வரி முதலில் வந்தது. ஹேக்மன் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள் மார்லிஸ். "சூடா இருக்கு."

ஒரு விரலால் தாளின் ஓரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கல்லூரியின் பெயர் என்பது தாளின் தலைப்பில் இருக்கும். அது வர இன்னும் நேரம் ஆகும். வேறு கல்லூரிக்கான கடிதம் இந்த எண்ணுக்கு வராது என்பதால் அவளுக்கு அவசரமில்லை. இப்போதைக்கு லவோன் ஹ்ருஸ்காவின் கையெழுத்து தலைகீழாக, ஓர் எழுத்துக்குப் பின் இன்னோர் எழுத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வரியில் டேனின் கோணல் கையெழுத்து, அதன்மேல் ஈரம் பட்டுப் பரவிய ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை. சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.