மடங்கிப் போன கை

கணவன் பாக்கியராஜுக்குச் சோறு ஊட்டிவிட்டு, அவனது வலது கையை மடக்கித் துண்டால் கழுத்தோடு கட்டினாள் ஏஞ்சல். நீட்டினால் துடிக்கிறான், மடக்கினால் தூங்குகிறான். இரும்பைக் கம்பியாக உருட்டும் ரோலிங் மில்லில் பழுக்கக் காய்ந்து வந்த கம்பி முழங்கை மடிப்பைத் தீய்த்த நாளிலிருந்து இதுதான் அவளுக்குத் தெரிந்த வைத்தியம்.

ஆஸ்பத்திரியில், வீட்டில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது என்று சொல்லியிருந்தாள். மில் சூப்பர்வைசர் வரதன் சொல்லிக்கொடுத்த பொய் அது. "இன்னாத்துக்கும்மா போலீசு, கேஸுன்னு பேஜாரு? காயம் ஆறட்டும், வேலை அவனுக்குத்தான்."

காயம் ஆறியது. கை நீளவில்லை. புதுவாயல் வீட்டுக்கு வந்து பார்த்த வரதன், "இந்தக் கைய வெச்சிக்கினு இடுக்கி புடிப்பியா? நேரானா வா" என்று போய்விட்டான். மில்லில் பாக்கியராஜின் இடத்தில் பக்கத்து வீட்டு லோகு நின்றான். அவனுக்கும் கையுறை கிடையாது.

களைத்துப்போய் மறுபடி ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் ஜெனிபர் துண்டை அவிழ்த்தாள்.

"யாரு கட்னது?"

"நான்தான் மேடம். நோவுதுன்னாரு."

"பாசத்துலயே முடக்கிட்டீங்களேக்கா! புண்ணு ஆறச்சொல்ல உள்ள இருக்கிற செல்லுங்க கொத்தனாரு மாதிரி. தன்னைச் சுத்தி நார் நாரா கட்டி இறுக்கும். கைய எப்படி வெச்சிருக்கீங்களோ அந்த அளவுக்குத்தான் கட்டும். இப்பவும் பழசப் பிரிச்சுப் புதுசு கட்டிக்கினுதான் இருக்கும். தெனம் இழுத்துப் புடிச்சா கொஞ்சங் கொஞ்சமா நீளமா கட்டும்."

"என் பேச்ச எந்தக் கொத்தனாரும்மா கேட்டான்?" என்றான் பாக்கியராஜ்.

ஜெனிபர் காட்டியபடி ஏஞ்சல் இழுத்தாள். "உட்றீ பாவி!" என்று அலறினான். அவள் விடவில்லை. கை ஒரு விரலளவு இறங்கியது.

தழும்பைத் தடவிய ஜெனிபர், "எண்ணெய்னா செதறியிருக்கும். இது கோடு போட்ட மாதிரி இருக்கே?" என்றாள்.

பாக்கியராஜ் கண்ணாலேயே வேண்டாம் என்றான். ஏஞ்சல் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "கம்பி மேடம். மில்லுல."

"வேலை பூடும்டீ!"

"இந்தக் கைக்கு எவன்யா வேலை வெச்சிக்கினுகிறான்? நோவுதேன்னு நீட்டாத கையும், வேலை பூடுமேன்னு சொல்லாத நெசமும் ஒண்ணுதான். உட்டா அப்படியே கெட்டியாப் பூடும். நாம மூடின வாய்க்கு நாளைக்கு லோகு கை தீயும். பல்லக் கடிச்சிக்கோ, இன்னொரு வாட்டி இழுக்கறேன்."