ஒரே கை, இரண்டு பெயர்

அந்த அலுவலகத்தில் யாரும் கேமராவைத் திறப்பதில்லை. எந்தச் சுற்றறிக்கையும் அப்படிச் சொன்னதில்லை. புதிதாகச் சேர்பவரிடம் யாரும் காதில் ஓதியதும் இல்லை. முதல் நாள் கூட்டத்தில் தலைசீவிப் பவுடர் பூசி முகம் காட்டிக்கொண்டு வந்து உட்காருகிறவர், வரிசையாகக் கறுத்திருக்கும் சதுரங்களுக்கு நடுவே தான் மட்டும் வெளிச்சத்தில் இருப்பதைக் கண்டு, தவறான வீட்டுக்குள் நுழைந்துவிட்டவரைப் போல ஒரு கணம் தயங்குவார், பிறகு அணைத்துவிடுவார். அதோடு அவர் நம்மவர்.

அலுவலகம் என்பதும் பழக்கத்தில் ஒட்டிக்கொண்ட சொல்தான். மனிசாலெஸ் என்கிற மலைநகரத்தின் சரிவில் ஒருகாலத்தில் அதற்கு ஒரு மாடி இருந்தது. வாடகை கட்டுப்படியாகாமல் முதலாளி தோன் அபெலார்தோ அதைக் காலிசெய்த பிறகு, மேசைகள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து சுற்றுப்பட்ட மலைகளின் சமையலறைகளுக்கும் மாடிப்படி மூலைகளுக்கும் போய்ச் சேர்ந்தன; இப்போது இருப்பவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகு சேர்ந்தவர்கள். சிலி நாட்டு மருத்துவமனை ஒன்றில் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவுசெய்வதை, இங்கே இவர்கள் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். யாரோ ஒருவருடைய மூச்சுத்திணறல் காலையில் மூடுபனியோடு வந்து இறங்கும். மாலைக்குள் சுத்தமான பத்திகளாகத் திரும்பிப் போகும்.

இவர்களை மேற்பார்வையிடும் நோரால்பா ஒகாம்போவுக்கு எல்லோரும் பச்சைப் புள்ளிகள். விடிந்ததும் அவள் திரையைத் திறப்பாள். சன்னலுக்கு வெளியே எதிர்மலையைப் பனி விழுங்கியிருக்கும். பெயர்களுக்குப் பக்கத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்போது, பனிக்குள் மறைந்த வீடுகளில் யாரோ விளக்கேற்றிக்கொண்டு போவதாகத் தோன்றும். அந்த வீடுகளை அவள் ஓசைகளால் அறிவாள். எதில்மாவின் வீட்டில் ஒரு சேவல் உண்டு. அர்ஹெமிரோவின் வீட்டில் எதுவுமே இல்லை. நேய்ரா ஊருக்கும் மேலே, மேகத்துக்குள் இருக்கிற வீடு அது. அந்த அமைதிக்குள்ளிருந்து அவருடைய சிரிப்பு மட்டும் வரும், எப்போதும் சற்றுப் பிந்தி.

மாலையில் ‘ஆல்கோ’ என்னும் சிற்றுண்டி வேளை வந்தால் வேலை நிற்கும். சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியைப் பிட்டுப் போட்டு, அரேபா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒலியை மட்டும் திறந்துவிடுவார்கள். முகமில்லாத வாய்கள் உறிஞ்சும் சத்தத்தில் திரை முழுக்க ஒரு பெரிய சமையலறையாகிவிடும்.

“எதில்மா, உங்க சேவல் ஏன் இன்னைக்கு வாயே திறக்கல? சம்பளம் குறைச்சுட்டீங்களா?”

“அதுவா? ஞாயித்துக்கிழமை சான்கோச்சோ சூப்புல நல்லாத்தான் வெந்துச்சு. தொடை எனக்கு, கழுத்து என் மாமியாருக்கு.”

எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள். அடுத்தவர் ஏதோ சொல்லத் தொடங்கிய பிறகு, மேகத்திலிருந்து அர்ஹெமிரோவின் சிரிப்பு வந்தது.

“பாவம், அவர் சிரிப்பு அவ்ளோ பனியைத் தாண்டி நடந்து வரணுமில்ல,” என்றது ஒரு குரல்.

நேய்ராவின் மலைமுகட்டில் இணையம் மந்தம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த உண்மை. பனி விழுகிற ஊரில் எதற்கும் பனியைக் காரணம் சொல்லிவிடலாம், கேட்பவரும் ஒப்புக்கொள்வார். நோரால்பாவும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

அந்த ஆண்டு, வேறெங்கோ ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் விவரம் வெளியே கசிந்ததாகச் செய்தி வந்தது. சிலிக்காரர்கள் பயந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிற ஒவ்வொருவருடைய கணினியிலும் ஒரு காவல் மென்பொருளை ஏற்றச் சொன்னார்கள். அது முகத்தைப் பார்க்காது; விரலைப் பார்க்கும். ஒருவர் விசைகளைத் தட்டுகிற தாளம், எந்த எழுத்துக்கு முன் தயங்குகிறார், எங்கே ஓடுகிறார் என்பதெல்லாம் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் மாறுமாம்.

தாளங்களை அலைகளாக வரைந்து காட்டிய முதல் அறிக்கை நோரால்பாவுக்கு வந்தது. தகரக் கூரைகள்மேல் பெய்யும் பலவித மழைகளாக அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில பெருமழை, சில தூறல். பிறகு ஓரிடத்தில் அவள் கண் நின்றது. காலை நேரத்தில் எதில்மாவின் பெயரிலும் அர்ஹெமிரோவின் பெயரிலும் பெய்தது ஒரே மழை. மாலை நேரத்தில், திருத்தும் வேளையில், அதே இரண்டு பெயர்களிலும் வேறொரு மழை பெய்தது, அதுவும் ஒன்றே. காலையில் ஒரே கை இரண்டு பெயரில் எழுதியிருக்கிறது. மாலையில் இன்னொரு கை இரண்டு பெயரிலும் திருத்தியிருக்கிறது.

அதே அறிக்கை சிலிக்கும் போயிருந்தது. மதியத்துக்குள் தோன் அபெலார்தோ அழைத்துவிட்டார்.

“நோரால்பா, சாந்தியாகோவிலேர்ந்து அந்த ஹிமேனா அம்மா பேசினாங்க. பாதுகாப்பு எல்லாம் அவங்க கையிலதான். ஒருத்தர் சாவியை இன்னொருத்தர் எடுத்துப் புழங்குறாங்க, நெசமா எழுதினது யாருன்னு வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்லணுமாம். ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க. கதை முடிஞ்சுது.”

“அந்த ரெண்டு பேர் எழுதினதுலதான் தோன் அபெலார்தோ, பிழையே வர்றதில்ல.”

“பிழை இல்லாம திருடுறவனும் திருடன்தான்.”

“திருட்டா என்னன்னு பார்க்காமலே சொல்றீங்களே. வெள்ளிக்கிழமை வரைக்கும் விடுங்க.”

“விட்டுட்டேன். ஆனா ஒப்பந்தம் போச்சுன்னா மிச்சம் இருக்கறவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லக்கூட முடியாது. ஏற்கனவே வீட்டுலதான் இருக்காங்க.” தன் நகைச்சுவையில் தானே மகிழ்ந்து அவர் இணைப்பைத் துண்டித்தார்.

நோரால்பா அதே நாள் தொங்குவண்டியில் ஏறி, எதில்மா இருக்கும் வில்யாமரியாவுக்குப் போனாள். பள்ளத்தாக்கின் நடுவில் பனி வந்து சூழ்ந்ததும் கம்பி மறைந்தது. முன்னால் போன பெட்டி மறைந்தது. கீழே ஓடும் ஆறு ஓசையாக மட்டும் மிஞ்சியது. எதனாலும் தாங்கப்படாமல் மிதப்பதுபோல் இருந்தது. இத்தனை காலம் தான் நடத்திவந்த அலுவலகமும் இப்படித்தான் தொங்கியிருந்ததோ என்று அவளுக்குத் தோன்றியது: தாங்குகிற கம்பி எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்காமல், பார்க்காததாலேயே அச்சமில்லாமல்.

கதவைத் திறந்த எதில்மா, குரலை வைத்து நோரால்பா கற்பனை செய்திருந்ததைவிடக் குள்ளமாக, வயது கூடியவளாக இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது இதுவே முதல்முறை.

“உள்ள வாங்க, தோன்யா நோரால்பா. நீங்க வருவீங்கன்னு தெரியும். குரல் பெருசா இருக்கும், ஆளும் பெருசா இருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“நானும் உங்களை அப்படித்தான் நெனச்சேன்.”

காப்பி வந்தது. இருவரும் குடிக்கவில்லை.

“அர்ஹெமிரோவுக்குக் காது போயிட்டு வருது,” என்றாள் எதில்மா. “போன மழைக்காலத்துலேர்ந்து. மொதல்ல மெல்லிசு சத்தம் போச்சு, அப்புறம் பேச்சு. கேட்டு எழுதற வேலைக்குச் செவிடனை யாரு வச்சுக்குவாங்கன்னு எங்கிட்டச் சொல்லி அழுதார். நான் ரெண்டு பேருக்கும் கேட்டு எழுதறேன். அவர் ரெண்டு பேருக்கும் படிச்சுத் திருத்தறார். எனக்குப் பொறுமையாப் படிக்க வராது, அவருக்குக் கேக்க வராது. கூட்டிக் கழிச்சா ரெண்டு முழு ஆளு இருக்கோம்.”

“ஆனா ஆல்கோ நேரத்துல சிரிக்கிறாரே.”

“பேசறதை அவர் திரை எழுத்தாக் காட்டும். படிச்சு முடிச்சிட்டுச் சிரிக்கிறார். நாமதான் பனின்னு சொல்லிக்கிட்டோம்.”

நோரால்பா கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். “நேர்ல பேசினா?”

“உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிஞ்சுக்குவார். சந்தையில பார்த்தா என்னைப் பேசவே விடமாட்டார்.”

“சரி. ஆனா கடவுச்சொல்லை மாத்திக் குடுத்துக்கிட்டீங்க.”

“அதுல என்ன இருக்கு? ஊருக்குப் போறப்ப பக்கத்து வீட்ல சாவி குடுத்துட்டுப் போறதில்லையா? செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, பூனைக்குச் சோறு வைப்பாங்க. நம்ம ஊர்ல யாரு குடுக்காம இருக்காங்க?”

“அந்த வீட்ல நம்ம சாமான் இருந்தா குடுக்கலாம், எதில்மா. இதுல யாரோ ஒரு பொண்ணோட கர்ப்பப்பை இருக்கு. யாரோ ஒருத்தரோட ஈரல் இருக்கு. அவங்க உங்களையும் என்னையும் பார்த்ததுகூட இல்ல. சாவி அவங்களுது.”

எதில்மா குடிக்காத கோப்பைகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். “அப்படி நான் யோசிக்கல,” என்றாள்.

திரும்பி வரும்போது பனி விலகியிருந்தது. பெட்டிகள் எந்தக் கம்பியில் தொங்குகின்றன என்பது இப்போது தெளிவாகத் தெரிந்தது. பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தோடே நோரால்பா யோசித்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்ததில் குற்றமில்லை. ஒருவர் மற்றவருடைய பெயரைப் போட்டுக்கொண்டு உள்ளே போனதுதான் குற்றம். அப்படியானால் பெயர்களைப் பிரித்துவிடலாம். கேட்பவருக்கு ஒலியைத் திறக்கும் சாவி, திருத்துபவருக்கு எழுத்தை மட்டும் திறக்கும் சாவி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு பேரின் பெயரும் இருக்கும். யார் எதைத் தொட்டார் என்பது பளிச்சென்று தெரியும். நோயாளிகளைப் பற்றிய பதிவுகளைக் கேட்பவர்களும் பாதியாகக் குறைந்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருடைய கடவுச்சொற்களையும் மாற்றினாள். திட்டத்தை எழுதி, அர்ஹெமிரோவின் காதைப் பற்றி மட்டும் சொல்லாமல், முதலாளிக்கும் சிலிக்கும் அனுப்பினாள். ஹிமேனாவின் பதில் சுருக்கமாக வந்தது: ஏற்பாடு நன்றாக இருக்கிறது, ஆனால் மறைத்தவர் தன் வாயால் சொன்னால்தான் கையெழுத்திடுவேன், இல்லையென்றால் இருவரும் வெளியே. நோரால்பா அர்ஹெமிரோவுக்கு எழுதினாள்: உங்களுக்கு வேறொரு இடம் வைத்திருக்கிறேன், திருத்துகிற இடம். வெள்ளிக்கிழமை அந்த அம்மா கேட்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுங்கள். பதில் வரத் தாமதமானது. அந்த நேரம் முழுக்க அவருடைய பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அவள் முதன்முறையாக உணர்ந்து பார்த்தாள். பிறகு வந்தது: சொல்கிறேன், தோன்யா.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் மருத்துவமனையின் சொந்த அறையில் நடந்தது. வெளியாட்கள் எட்டிப்பார்க்க முடியாதபடி அவர்கள் கட்டிய அறை. அதற்குள் போன பிறகுதான் நோரால்பா கவனித்தாள்: பேசுவதை எழுத்தாக்கிக் காட்டும் வசதி அங்கே இல்லை. குறுஞ்செய்தி அனுப்பவும் வழியில்லை. எதுவும் எங்கும் பதியக்கூடாது என்று எல்லாவற்றையும் பூட்டியிருந்தார்கள். கறுப்புச் சதுரங்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் சரியாக அடுக்கிவைத்தவள், கேள்வியே அவருக்குக் கேட்காது என்பதை மறந்துவிட்டிருந்தாள்.

ஹிமேனாவின் குரல் மென்மையாக, அவசரமில்லாமல் வந்தது. “தோன் அர்ஹெமிரோ, உங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான். உங்க பேர்ல வந்த பதிவுகளைக் கேட்டு எழுதினது யாரு?”

நேய்ராவின் சதுரம் கறுப்பாகவே இருந்தது.

“தோன் அர்ஹெமிரோ?”

மேகத்துக்குள்ளிருந்து அவருடைய சிரிப்பு வந்தது. மரியாதையான, தயங்கிய சிரிப்பு. யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், சிரித்துவைப்போம் என்ற சிரிப்பு. “ஆமாம் செஞோரா,” என்றார் அவர். “இங்க எப்பவும் பனிதான்.”

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” ஹிமேனாவின் குரலில் மென்மை போய்விட்டது. “நோரால்பா, உங்க ஆளு என்னைக் கிண்டல் பண்றாரா?”

“செஞோரா, அவருக்காக நான் சொல்றேன்...” என்று எதில்மா தொடங்கினாள்.

“வேண்டாம். அவருக்காக நீங்க செஞ்சதுதான் இங்க பிரச்சினையே. அவரே சொல்லட்டும்.”

நோரால்பா தன்னைச் சுற்றிப் பார்த்தாள். மேலே பழைய ருவானாக் கம்பளி, சீவாத தலை, பின்னால் கொடியில் காயாத உள்ளாடைகள், கலைந்த படுக்கை. இத்தனை காலம் எவரும் பார்க்காத அறை. யாரும் யாருடைய அறையையும் பார்க்காததால்தான் இந்தக் கூட்டம் இவ்வளவு நாள் கலையாமல் இருந்தது என்று அவள் நம்பியிருந்தாள். திரையின் அடியில் குறுக்குக்கோடு போட்ட சின்னக் கேமராப் படம் இருந்தது. அதை அழுத்தினாள்.

கறுப்புக்கு நடுவே அவள் முகம் தோன்றியது. யாரோ ஒருவர் மூச்சை உள்ளிழுப்பது கேட்டது.

“நோரால்பா,” என்று தோன் அபெலார்தோவின் குரல் பதறியது, “உங்க கேமரா திறந்திருக்கு. பின்னால துணியெல்லாம்...”

“தெரியும், தோன் அபெலார்தோ. நான்தான் திறந்தேன்.”

விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்தாள். உதடுகள் மட்டும் தெரிந்தால் போதும் என்கிற அளவுக்குத் திரையை நெருங்கினாள். நேய்ராவின் அந்தக் கறுப்புச் சதுரத்தை நேராகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக, நிதானமாக வாயசைத்துச் சொன்னாள்:

“தோன் அர்ஹெமிரோ, என்னைப் பாருங்க. உங்களுக்காகக் கேட்டு எழுதறது யாருன்னு அந்த அம்மா கேக்கறாங்க.”