பிரேக் போதாது

பிரேம்குமாரின் வலது கட்டை விரலில் உணர்ச்சி திரும்பவே இல்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அச்சு மெஷினுக்குள் விரல் மாட்டி இரண்டரை வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் தைத்துக் காப்பாற்றினார்கள். நகம் முளைத்தது. விரல் மடங்கியது, சட்டைப் பொத்தான் போட்டது. தொட்டால் மட்டும் தெரியவில்லை. மனைவி மேனகா ஆறு மாதம் வாரா வாரம் அவனோடு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வந்தாள். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியில் லீவு கேட்டுக் கேட்டு, ஒருநாள் எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கிவிட்டு வந்து அழுதாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "இப்ப கொஞ்சம் கொஞ்சமா தெரியுது" என்றான் பிரேம்குமார். அடுத்த மாதம், "நல்லாவே தெரியுது" என்றான். அதோடு ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது.

தூண்டில் போடுவது அவனுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். நேரு வீதியை ஒட்டிய சந்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருந்த ராமலிங்கம், புதிதாக ஒரு ரீல் வந்தால் அதை அவனிடம் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வார். அவன் எழுதித் தருவதைக் கடையின் வாட்ஸாப் குழுவில் போடுவார். குழுவில் அறுநூறு பேர் இருந்தார்கள். பிரேம்குமார் நன்றாயில்லை என்று எழுதிய சாமானை ராமலிங்கம் கடையில் வைப்பதில்லை.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை ராமலிங்கம் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வெள்ளி நிறத்தில், சின்னச் சம்புடம் போல, ஒரு உருண்டை ரீல்.

"பெயிட்காஸ்டர். ஏரிக்கும் ஆகும், கரையோரக் கடலுக்கும் ஆகும்ங்கறான். நாப்பது பீஸ் அனுப்பறேன்னு டீலர் நிக்கறான். நீ ரெண்டு எடத்திலயும் போட்டுப் பாத்துட்டுச் சொல்லு."

"சரிண்ணே" என்று வாங்கிக்கொண்டான்.

வாங்கியிருக்கக் கூடாது. சாதாரண ரீலில் தூண்டில் கட்டும் நைலான் நரம்பு தானாக உருவிக்கொண்டு போகும், கைக்கு வேலையில்லை. பெயிட்காஸ்டர் அப்படியில்லை. வீசும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழலும். அதன்மேல் கட்டை விரலை மெல்ல வைத்து, வேகம் கூடினால் லேசாக அழுத்தி, தூண்டில் தண்ணீரைத் தொடும் நொடியில் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் உருளை சுழன்றுகொண்டே இருக்கும், நரம்பு பொங்கி வெளியே வந்து சிக்காகிவிடும். எல்லாம் விரல் நுனியின் கணக்கு. ரீலுக்குள்ளேயும் பிரேக் உண்டு. பக்கத்து மூடியைத் திறந்தால் ஆறு சின்னப் பின்கள் இருக்கும். எத்தனை பின்னை வெளியே இழுத்து வைக்கிறோமோ அந்த அளவுக்கு உருளை தானே மட்டுப்படும். ஆனால் கடைசி நொடியில் நிறுத்துவது விரல்தான்.

ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்துக் குளத்துக்குப் போனான். மேனகாவின் சித்தப்பா அம்மாவாசை என்பவர் குத்தகைக்கு எடுத்த குளம், விரால் மீன் உள்ளது. சித்தப்பாவைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று மேனகாவும் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

முதல் வீச்சில், விராலுக்கு இரையாகக் கட்டிய ரப்பர் தவளை இருபது அடி போய் விழுந்தது. ரீலில் நரம்பு பஞ்சு மாதிரி பொங்கி நின்றது. ஊக்கு வைத்துப் பிரித்தான். இரண்டாவதில் விரலை அழுத்திவிட்டான், தவளை பாதியில் நின்று அவன் பக்கமே திரும்பி வந்தது. மூன்று பின் வைத்துப் பார்த்தான், ஐந்து வைத்தான், ஆறும் வைத்தான். இருபது வீச்சில் பதின்மூன்று சிக்கு. ஒரு நோட்டில் எழுதினான்: 'தூண்டில் விழுந்த பிறகும் உருளை நிற்பதில்லை. பிரேக் போதாது.' அதையே ராமலிங்கத்துக்கு போனில் அனுப்பினான். நீல டிக் விழுந்தது. 'சரிப்பா, வேணாம்னு டீலருக்குச் சொல்லிடறேன்' என்று பதில் வந்தது.

பனைமரத்தடியில் உட்கார்ந்திருந்த மேனகா எழுந்து வந்தாள்.

"ஏங்க, ரீல்ல இன்னா செவப்பா?"

"எங்க?"

"ரத்தம்ங்க!"

வெள்ளி மூடியில் கோடாக வழிந்திருந்தது. நரம்பிலும் ஊறியிருந்தது. பிரேம்குமார் தன் கையைப் பார்த்தான். கட்டை விரல் நுனியில் நரம்பு ஓடி ஓடித் தோல் இரண்டாகப் பிளந்து சதை தெரிந்தது. எந்த வீச்சில் அறுத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மேனகா அவன் விரலைப் பிடித்தாள். முந்தானையால் துடைத்தாள். பிறகு, வேண்டுமென்றேதான், காயத்தின் மேலேயே நகத்தால் அழுத்தினாள். அவன் முகம் மாறவில்லை.

"வலிக்கல?"

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"நல்லாவே தெரியுதுன்னு சொன்னீங்க."

"சொல்லி இன்னா ஆவப் போவுது, மேனகா?"

"போன மாசம் குக்கர் மூடியத் தொட்டுட்டு ஏதோ யோசனையில இருந்துட்டேன்னு சொன்னீங்க. கொப்புளம் வந்துது. அதுவும் பொய்யா?"

"ம்."

அவள் அவன் கர்ச்சீப்பைக் கிழித்து விரலில் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு தூண்டில் ராடை எடுத்துக்கொண்டாள்.

"எப்படிப் போடணும்னு சொல்லுங்க."

"இப்ப எதுக்கு?"

"பிரேக் போதாதுன்னு எழுதினீங்க இல்ல. சொல்லுங்க."

அவன் மூன்று பின்னை மட்டும் வெளியே வைத்துக் கொடுத்துச் சொன்னான். அவள் வாழ்நாளில் தூண்டில் தொட்டதில்லை. முதல் இரண்டும் சிக்கு. மூன்றாவது வீச்சில் உருளை சுழல்வதை விரலடியில் உணர்ந்து, தவளை தண்ணீரில் விழுந்ததும் நிறுத்திவிட்டாள். பதினாறு வருடமாகத் தையல் மெஷினில் நூலின் இழுவையைப் பார்த்துப் பழகிய கை. அதற்குப் பிறகு இருபது முறை வீசினாள். ஒரே ஒரு சிக்கு, அதுவும் காற்று எதிரே அடித்தபோது. பின்கள் மூன்றுதான் வெளியே இருந்தன.

ரீலில் ஒரு குறையும் இல்லை. பிரேம்குமாருக்கு அது ஐந்தாவது வீச்சிலேயே தெரிந்துவிட்டது. அவள் நிறுத்தட்டும் என்று காத்திருந்தான். அவள் நிறுத்தவில்லை.

அங்கிருந்தே ராமலிங்கத்துக்கு போன் போட்டான்.

"அண்ணே, டீலர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இப்பதான். ஏன்?"

"ரீல் நல்லாத்தான் கீது. என் வெரல்ல உணர்ச்சி இல்லண்ணே. மெஷின்ல மாட்டினதுல இருந்து."



"போன வருசம் இதே மாதிரி வந்த அந்தக் கறுப்பு ரீல வேணாம்னு எழுதிக் குடுத்தியே?"

"அதுவும் அப்படித்தாண்ணே."

"நான் அத எத்தன பேருகிட்ட மட்டம்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? செஞ்சவன் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"தப்புதாண்ணே."

ராமலிங்கம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிரேம்குமாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நல்லாத்தான் கீதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிது?" என்று மட்டும் கேட்டார்.

"என் சம்சாரம் போட்டுப் பாத்தா."

"அவங்களயே கடலுக்கும் கூட்டிக்கினு போ. அவங்க போடட்டும், நீ எழுது. ஆனா யாரு போட்டாங்கன்னு எழுதணும். கறுப்பு ரீலப் பத்தியும் எழுதணும்."

வீடு வரும்வரை மேனகா பைக்கில் அவன் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் தேவைக்குத்தான் பேசினாள். நாலாம் நாள், "ஞாயித்துக்கிழம எத்தினி மணிக்குப் போவணும்?" என்று கேட்டாள்.

கனகசெட்டிக்குளம் கடற்கரைக்கு விடிந்ததும் போனார்கள். அலை குறைவாக இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த சிலர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று ராடு வீசும் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். இரும்புக் கரண்டி போன்ற தூண்டில் நாற்பத்தைந்து, ஐம்பது அடி தூரம் போனது. எட்டு மணிக்கு ராடு வளைந்தது.

"இழுக்குதுங்க! இன்னா பண்றது?"

"விடு, ஓடட்டும். அந்த நட்சத்திரத் திருகக் கொஞ்சம் இறுக்கு. ரொம்ப இறுக்காத, அறுந்துடும்."

ரீல் சீராக நரம்பை விட்டுக்கொடுத்தது, திக்கவில்லை. பத்து நிமிடத்தில் கரைக்கு வந்தது ஒரு பாரை, இரண்டு கிலோ இருக்கும். மேனகா மணலில் உட்கார்ந்து சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரிக்கிறாள் என்று பிரேம்குமார் நினைத்தான். மீன் துள்ளியதில் ரீல் மணலில் புரண்டது. அதற்குப் பிறகு நரம்பை இடதும் வலதும் நகர்த்திச் சுற்றும் பகுதி கரகரவென்றது. நல்ல தண்ணீரில் கழுவி, கழற்றித் துடைத்த பிறகுதான் அடங்கியது. அதையும் எழுதிக்கொண்டான்.

புதன்கிழமை ராமலிங்கம் அதைக் குழுவில் போட்டார். ஏரிக்கு மூன்று பின் போதும், கடற்கரையில் மணல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும், வாங்கலாம் என்று இருந்தது. வீசியது மேனகா, எழுதியது பிரேம்குமார் என்று இருந்தது. எழுதியவரின் வலது கட்டை விரலில் உணர்ச்சி இல்லாததால் சென்ற வருடம் கறுப்பு ரீலைப் பற்றி அவர் எழுதியதை நம்ப வேண்டாம் என்றும் இருந்தது. இரண்டு பேர் கேலி செய்தார்கள். பலர் ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காரைக்காலிலிருந்து தேவதாஸ் என்று ஒருவர் அவனுக்குத் தனியாக எழுதியிருந்தார். சர்க்கரை வியாதியில் தன் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டதாகவும், வெளியே சொல்ல வெட்கப்பட்டு ராடைப் பரணில் போட்டுவிட்டதாகவும் எழுதி, தன்னைப் போன்ற கைக்கு இந்த ரீல் ஆகுமா, எத்தனை பின் வைக்கலாம் என்று கேட்டிருந்தார்.

பிரேம்குமார் அதை மேனகாவிடம் படித்துக் காட்டினான்.

"செவ்வாக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போவணும், கம்பெனியில லீவு சொல்லிட்டேன்" என்றாள் அவள். "டாக்டர் பாத்து முடிச்சப்புறம் நீங்களே போட்டுப் பாருங்க."

உணர்ச்சி இனி வருவது கஷ்டம் என்றார் டாக்டர். சூட்டிலும் கூர்மையிலும் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். காயம் ஆறியதும் மேனகா பழைய ரெக்சின் துண்டில் தைத்துக் கொடுத்த உறையை விரலில் மாட்டிக்கொண்டு பிரேம்குமார் சித்தப்பாவின் குளத்துக்குத் தனியாகப் போனான். ஆறு பின்னும் வெளியே, உருளையை அழுத்தும் பக்கத் திருகு இறுக்கமாக, தவளைக்குப் பதில் கனமான தூண்டில். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், அது விழுவதற்குக் கொஞ்சம் முன்பே அழுத்தினான். அறுபது வீச்சு, ஒன்பது சிக்கு. தூரம் குறைவுதான்.

கரையிலேயே உட்கார்ந்து தேவதாஸுக்கு எழுதினான். ஆறு பின்னும் வைக்கச் சொன்னான். விரலை நம்பாமல் கண்ணை நம்பச் சொன்னான். உறை இல்லாமல் வீச வேண்டாம் என்றும், வீட்டில் இருப்பவர்களிடம் விரலைப் பற்றிச் சொல்லிவிடுவது நல்லது என்றும் எழுதி அனுப்பிவிட்டு, அறுபத்தோராவது வீச்சுக்கு எழுந்தான்.